சிறிய மிடில் ஸ்கூலின் எண்களைப் படிப்பது எப்படி: அமெரிக்காவில் பள்ளி தேடும் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

வேலை மாறி வேறு ஊருக்குப் போகும் குடும்பங்களோடு உட்கார்ந்து, அந்த ஊர்ப் பள்ளியின் விவரங்களைச் சேர்ந்து பார்ப்பது பல வருஷமாக எனக்கு வழக்கம். 1,000 பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால் பெரிய சிக்கல் வருவதில்லை. 150 அல்லது 200 பிள்ளைகள் மட்டும் படிக்கும் சின்ன அரசு மிடில் ஸ்கூல் வந்தால்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. "கணக்கில் 38 சதவீதம்தான், வேண்டாம்" என்று ஒரே நிமிஷத்தில் முடிவெடுத்துவிடுகிறார்கள். அந்த 38 சதவீதம் எத்தனை பிள்ளைகள் என்று யாரும் கேட்பதில்லை.

கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். வரிசையை மாற்றினால் முதலில் பார்த்த மதிப்பெண் மனதில் ஒட்டிக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதன் வழியாகவே பார்க்க வைத்துவிடும். முழு வேலைக்கும் ஒரு மாலைப் பொழுது போதும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு காலி எக்செல் தாள், பள்ளியின் முழுப் பெயர், வீடு பார்க்கும் தெருவின் முகவரி. இவை போதும்.

தரவுக்கு மூன்று இடங்கள். முதலாவது, தேசியக் கல்விப் புள்ளிவிவர மையமான என்சிஇஎஸ்-இன் பள்ளித் தேடல் பக்கம். எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எந்த இனம், எத்தனை ஆசிரியர்கள் என்பது அங்கே இருக்கும். இரண்டாவது, மாநிலக் கல்வித்துறை ஒவ்வொரு பள்ளியைப் பற்றியும் வெளியிடும் ரிப்போர்ட் கார்டு. 2015இல் வந்த எவ்ரி ஸ்டூடண்ட் சக்ஸீட்ஸ் ஆக்ட் என்ற சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் இதை வருஷா வருஷம் வெளியிட்டாக வேண்டும். தேர்வு முடிவுகளுக்கு இதுதான் மூல ஆவணம். மூன்றாவது, கூட்டாட்சி அரசின் கல்வித்துறை நடத்தும் சிவில் ரைட்ஸ் டேட்டா கலெக்‌ஷன். சஸ்பென்ஷன், அல்ஜீப்ரா வகுப்பு, கவுன்சிலர் எண்ணிக்கை போன்றவற்றை அங்கே பார்க்கலாம்.

வீடு விற்கும் தளங்களில் தெரியும் 10க்கு இத்தனை என்ற ரேட்டிங்கை இப்போது பார்க்காதீர்கள். அது பல எண்களைக் குழைத்துச் செய்த ஒற்றை எண். உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு பார்த்தால்தான் அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கும்.

2. சரியான பள்ளிதானா என்று உறுதி செய்யுங்கள்

இது சின்ன வேலை, ஆனால் இதில் தவறியவர்கள் நிறைய. ஒரே பெயரில் பல மாநிலங்களில் பள்ளிகள் உண்டு. லிங்கன் மிடில் ஸ்கூல் என்று தேடினால் எத்தனை வருகிறது பாருங்கள். என்சிஇஎஸ் ஒவ்வொரு பள்ளிக்கும் 12 இலக்க எண் கொடுக்கிறது. அதில் முதல் 7 ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு, அதாவது அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்துக்கு; கடைசி 5 பள்ளிக்கு. அந்த எண்ணைத் தாளின் முதல் வரியில் எழுதிவிடுங்கள்.

அப்புறம், எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை என்று பாருங்கள். மிடில் ஸ்கூல் என்றால் பெரும்பாலும் 6, 7, 8. சில இடங்களில் 5 முதல் 8, சில இடங்களில் 7, 8 மட்டும். இரண்டு வகுப்பு மட்டும் உள்ள பள்ளியையும் நான்கு வகுப்பு உள்ள பள்ளியையும் மொத்த எண்ணிக்கையை வைத்து ஒப்பிட்டால் தப்பாகும்.

கடைசியாக, உங்கள் தெரு அந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறதா என்று டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்திடம் கேளுங்கள். வீட்டுத் தரகர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். எல்லைக் கோடுகள் மாறிக்கொண்டிருப்பவை.

3. சதவீதத்தைத் தொடும் முன் தலைகளை எண்ணுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

தாளில் ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பிள்ளைகள் என்று எழுதுங்கள். உதாரணமாக 6ஆம் வகுப்பில் 52, 7இல் 47, 8இல் 49 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 148. இப்போது பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, 100ஐ அந்த எண்ணால் வகுத்து எழுதுங்கள். 8ஆம் வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 2 சதவீதப் புள்ளி. அதாவது தேர்வு நாளன்று மூன்று பிள்ளைகள் காய்ச்சலோடு வந்து எழுதியிருந்தால் பள்ளியின் எண் 6 புள்ளி இறங்கியிருக்கலாம்.

இந்தக் கட்டம் கண் முன்னால் இருந்தால், பிறகு எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் கை தானாகவே அதைப் பிள்ளைகளாக மாற்றிப் பார்க்கும். "இந்த வருஷம் 8 புள்ளி குறைந்திருக்கிறது" என்ற வாக்கியம் "நாலு பிள்ளைகள்" என்று ஆகிவிடும்.

4. யார் படிக்கிறார்கள் என்று பாருங்கள்

மக்கள்தொகை விவரத்தை மதிப்பெண்ணுக்கு முன்னால் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மதிப்பெண்ணை யாரோடு ஒப்பிட வேண்டும் என்பதை இதுதான் சொல்லும்.

என்சிஇஎஸ் பக்கத்தில் இனம் 7 பிரிவுகளாக இருக்கும்: அமெரிக்கப் பூர்வகுடிகள், ஆசியர், ஹிஸ்பானிக், கறுப்பினத்தவர், ஹவாய் மற்றும் பசிபிக் தீவினர், வெள்ளையர், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனத்தவர். ஹிஸ்பானிக் என்று குறித்த பிள்ளை வேறு எந்த இனமாக இருந்தாலும் ஹிஸ்பானிக் பிரிவில் மட்டுமே எண்ணப்படும்.

நம் ஆட்கள் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். "ஆசியர் 12 சதவீதம், அப்படியென்றால் இந்தியர்கள் இருக்கிறார்கள்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆசியர் என்ற அந்த ஒரு கட்டத்துக்குள் சீனர், வியட்நாமியர், மாங் மக்கள், பிலிப்பினோ, நாம் எல்லோரும் அடக்கம். 148 பேரில் 12 சதவீதம் என்றால் 18 பிள்ளைகள். மூன்று வகுப்புகளில் பிரித்தால் வகுப்புக்கு 6. அவர்களில் தமிழ் பேசும் பிள்ளை ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள இந்த அட்டவணை உதவாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆங்கிலம் கற்பவர்கள், அதாவது இங்கிலீஷ் லேர்னர் பிரிவு, தனியாக ஒரு பத்தி எழுதும் அளவுக்கு முக்கியம். பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒரு படிவம் கொடுப்பார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு ஒன்று வைத்துப் பார்ப்பார்கள். அது தண்டனை இல்லை, பயந்து பொய் எழுத வேண்டாம். தேவைப்படும் பிள்ளைக்கு உதவி கிடைக்கும், தேவைப்படாத பிள்ளை அந்தத் தேர்வைத் தாண்டிவிடும். எண்களைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது இது: ஆங்கிலம் நன்றாக வந்த பிள்ளை அந்தப் பிரிவை விட்டு வெளியேறிவிடுகிறது. அதனால் உள்ளே இருப்பவர்களின் மதிப்பெண் எப்போதும் குறைவாகவே தெரியும். பள்ளி அவர்களுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. அவர்களில் எத்தனை பேர் வருஷா வருஷம் வெளியேறுகிறார்கள் என்பதுதான் பார்க்க வேண்டிய எண். ரிப்போர்ட் கார்டில் ஆங்கில மொழித் திறன் முன்னேற்றம் என்று தனி வரி இருக்கும்.

5. இலவச மதிய உணவு எண்ணை எச்சரிக்கையோடு படியுங்கள்

குடும்ப வருமானத்தை நேரடியாக எந்தப் பள்ளியும் வெளியிடுவதில்லை. அதற்குப் பதிலாக இலவச, சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியானவர்கள் எத்தனை பேர் என்ற எண் இருக்கும். கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 130 சதவீதம் வரை வருமானம் என்றால் உணவு இலவசம். 130க்கு மேல் 185 வரை சலுகை விலை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 2010ஆம் வருஷச் சட்டம் ஒன்றின் வழியாக, ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிகள் விண்ணப்பம் எதுவும் வாங்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு கொடுக்கலாம் என்று வந்தது. கம்யூனிட்டி எலிஜிபிலிட்டி என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். வேறு உதவித் திட்டங்கள் மூலம் தானாகவே தகுதி பெறும் பிள்ளைகள் 40 சதவீதம் இருக்க வேண்டும் என்பது முதலில் இருந்த வரம்பு. 2023இல் அதை 25ஆகக் குறைத்தார்கள். இப்படிப்பட்ட பள்ளியில் சில ஆவணங்கள் 100 சதவீதம் என்று காட்டும். "எல்லோரும் ஏழைகள்" என்று அதைப் படித்துவிடக் கூடாது. ஒரே வருஷத்தில் 45இலிருந்து 100க்கு எண் தாவியிருந்தால் ஊர் ஏழையாகவில்லை, கணக்கு வைக்கும் முறை மாறியிருக்கிறது.

அந்த மாதிரிப் பள்ளிக்கு மாநில ரிப்போர்ட் கார்டில் 'பொருளாதாரத்தில் பின்தங்கியோர்' என்ற பிரிவின் எண்ணைத் தேடி எடுங்கள். பல மாநிலங்கள் அதை அரசு உதவிப் பட்டியல்களோடு நேரடியாக ஒப்பிட்டு எண்ணுகின்றன. தாளில் அந்த எண்ணையும், அது எப்படி எண்ணப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

6. எந்தத் தேர்வு, எழுதியது யார்

இப்போதுதான் தேர்வு முடிவுகளுக்கு வருகிறோம். 3 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்பிலும் ஆங்கிலம், கணக்கு இரண்டிலும் வருஷா வருஷம் தேர்வு வைக்க வேண்டும் என்பது சட்டம். அறிவியல் 6 முதல் 9க்குள் ஒரு முறை வைத்தால் போதும்.

ரிப்போர்ட் கார்டில் வரும் 'ப்ரொஃபிஷியன்ட்' என்ற சொல்லைப் பாஸ் என்று மொழிபெயர்க்காதீர்கள். 35 மார்க் எடுத்தால் பாஸ் என்று பழகிய நமக்கு, 45 சதவீதம் ப்ரொஃபிஷியன்ட் என்றால் 55 சதவீதம் ஃபெயில் என்றுதான் மனம் சொல்லும். அப்படி இல்லை. இந்த வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று மாநிலம் ஒரு கோடு கிழிக்கிறது. சில மாநிலங்களில் அந்தக் கோடு உயரம், சிலவற்றில் தாழ்வு. அதனால் ஒரு மாநிலத்தின் 70 சதவீதத்தையும் இன்னொரு மாநிலத்தின் 45 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் மாறும் குடும்பங்கள் அடிக்கடி இதில்தான் ஏமாறுகின்றன. இரண்டு மாநிலங்களை ஒப்பிட வேண்டும் என்றால் நேப் என்ற தேசியத் தேர்வு இருக்கிறது. அது மாநில அளவில் சொல்லும், தனித்தனிப் பள்ளிக்கு முடிவு தராது.

அடுத்து, எழுதியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். 95 சதவீதப் பிள்ளைகளாவது எழுத வேண்டும் என்பது விதி. 40 பேர் உள்ள வகுப்பில் மூன்று பேர் வராவிட்டாலே 92.5 ஆகிவிடும். பெற்றோர் தேர்வைப் புறக்கணிக்கும் பழக்கம் உள்ள ஊர்களில் இது இன்னும் குறையும். பாதி வகுப்பு எழுதாத தேர்வின் சதவீதத்தை வைத்துப் பள்ளியை எடை போட முடியாது.

எட்டாம் வகுப்புக் கணக்கு இன்னும் தந்திரமானது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதனால் ஒரு நல்ல பள்ளியை ஒதுக்கப் பார்த்தது. அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புக் கணக்கு ஒரே வருஷத்தில் 62இலிருந்து 38க்கு விழுந்திருந்தது. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். முதல் வருஷம் 42 பிள்ளைகள் எழுதி 26 பேர் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். அடுத்த வருஷம் வகுப்பில் 40 பேர், ஆனால் எழுதியவர்கள் 26 பேர்தான், தாண்டியவர்கள் 10. மீதி 14 பேர் எங்கே? அந்த வருஷம்தான் பள்ளி, ஹை ஸ்கூல் அளவுக் கணக்குப் பாடமான அல்ஜீப்ரா 1 வகுப்பைத் தொடங்கியிருந்தது. அந்த 14 பேரும் எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வுக்குப் பதிலாக அல்ஜீப்ராத் தேர்வு எழுதி, அத்தனை பேரும் தாண்டியிருந்தார்கள். சேர்த்துப் பார்த்தால் 40க்கு 24, அதாவது 60 சதவீதம். பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு வகுப்பு திறந்துவிட்ட பள்ளி, தாளில் சரிந்துபோன பள்ளியாகத் தெரிந்தது.

இப்படி மேல்நிலைத் தேர்வு எழுதுபவர்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்விலிருந்து விலக்கு கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. எல்லா மாநிலங்களும் அதைப் பின்பற்றுவதில்லை. ஆகவே எட்டாம் வகுப்புக் கணக்கில் எழுதியவர்கள் எண்ணிக்கை, ஆங்கிலத்தில் எழுதியவர்களைவிட நிறையக் குறைவாக இருந்தால் உடனே அல்ஜீப்ரா வரியைத் தேடுங்கள்.

7. மூன்று வருஷத்தைச் சேர்த்துப் பாருங்கள்

சின்னப் பள்ளியில் ஒரு வருஷ முடிவு ஆடும். ஆசிரியர் அதே ஆசிரியர், பாடம் அதே பாடம், ஆனால் இந்த வருஷம் வந்த 49 பிள்ளைகள் போன வருஷம் வந்த 49 பிள்ளைகள் இல்லை. எவ்வளவு ஆடும் என்று கணக்கிட எளிய வழி இருக்கிறது. எழுதியவர்கள் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, 100ஐ அதால் வகுங்கள். 49க்கு வர்க்கமூலம் 7. 100ஐ 7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14. அதாவது 50 சதவீதம் என்று போட்டிருந்தால் 36க்கும் 64க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் பள்ளியின் உண்மையான நிலை இருக்கலாம். 400 பேர் எழுதும் பெரிய பள்ளியில் இதே ஆட்டம் 5 புள்ளிதான்.

இரண்டு வருஷங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறீர்கள் என்றால் அந்த 14ஐ 1.4ஆல் பெருக்குங்கள். 20 வரும். ஆக 49 பேர் வகுப்பில் 20 புள்ளிக்குள் ஏறினாலும் இறங்கினாலும் அதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. புதுத் தலைமையாசிரியர் வந்து பள்ளியைத் தூக்கி நிறுத்திவிட்டார் என்ற செய்தியையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள்.

மாநிலத்தின் முதல் 50 பள்ளிகள் என்ற பட்டியலில் சின்னப் பள்ளிகள் அதிகம் இருப்பதற்கும், கடைசி 50 பட்டியலிலும் அவையே அதிகம் இருப்பதற்கும் இந்த ஆட்டம்தான் காரணம். தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் வட கரோலினாப் பள்ளிகளின் மதிப்பெண்களை வைத்து இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள்.

மருந்து எளிது. மூன்று வருஷம் எழுதியவர்களையும் கூட்டுங்கள், மூன்று வருஷம் தாண்டியவர்களையும் கூட்டுங்கள், பிறகு வகுங்கள். மூன்று சதவீதங்களையும் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள். வருஷத்துக்கு வருஷம் எண்ணிக்கை மாறுவதால் அது தப்பான விடை தரும். 49 பேர் 147 பேர் ஆகும்போது ஆட்டம் 14இலிருந்து 8 புள்ளியாகக் குறையும்.

சேர்க்கும் முன் இரண்டைச் சரிபாருங்கள். 2020 வசந்தத்தில் கொரோனாவால் தேர்வுகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். அந்த வருஷம் காலியாக இருக்கும். 2021இலும் பல இடங்களில் எழுதியவர்கள் குறைவு. இரண்டாவது, நடுவில் தேர்வே மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ளோரிடா 2022-23இல் ஃபாஸ்ட் என்ற புதிய தேர்வுக்குப் போனது. டெக்ஸஸ் 2023இல் ஸ்டார் தேர்வை மாற்றி அமைத்தது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வருஷங்களை ஒரே மூட்டையில் கட்டக் கூடாது.

8. நட்சத்திரக் குறி போட்ட கட்டங்களை விட்டுவிடுங்கள்

சின்னப் பள்ளியின் ரிப்போர்ட் கார்டில் பல கட்டங்கள் காலியாக இருக்கும். நட்சத்திரக் குறியோ, 5 சதவீதத்துக்குக் கீழே என்பது போன்ற குறிப்போ இருக்கும். பள்ளி எதையோ மறைக்கிறது என்று நினைக்க வேண்டாம். 1974இல் வந்த ஃபெர்பா என்ற மாணவர் அந்தரங்கச் சட்டம் காரணமாக, ஒரு பிரிவில் பிள்ளைகள் மிகக் குறைவாக இருந்தால் மாநிலம் முடிவை வெளியிடாது. எத்தனைக்குக் கீழே என்றால் மறைப்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. பல இடங்களில் 10.

மொத்தத்திலிருந்து மற்றப் பிரிவுகளைக் கழித்து மறைந்த எண்ணைக் கண்டுபிடிக்க முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். முதலாவது, அதைத் தடுப்பதற்காகவே இன்னொரு பிரிவையும் சேர்த்து மறைத்திருப்பார்கள், உங்கள் விடை தப்பாகவே வரும். இரண்டாவது, சின்னப் பள்ளியில் அந்தக் கட்டத்துக்குள் இருப்பது இரண்டே பிள்ளைகளாக இருக்கலாம். நாளை உங்கள் பிள்ளையே அந்தப் பள்ளியின் ஒரே ஆசியப் பிள்ளையாக இருக்கக்கூடும். அப்போது அந்தக் கட்டத்தில் தெரிவது உங்கள் பிள்ளையின் மதிப்பெண்.

9. மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடாதீர்கள்

நான்காம், ஐந்தாம் படிகளில் எழுதி வைத்தது இப்போது கை கொடுக்கும். ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

சின்னப் பள்ளியில் 120 பேர் எழுதினார்கள். அவர்களில் பொருளாதாரத்தில் பின்தங்கியோர் 90 பேர், கோட்டைத் தாண்டியது 36 பேர், அதாவது 40 சதவீதம். மற்றவர்கள் 30 பேர், தாண்டியது 24 பேர், 80 சதவீதம். மொத்தம் 120க்கு 60, சரியாக 50 சதவீதம்.

பக்கத்து ஊர்ப் பெரிய பள்ளியில் 600 பேர் எழுதினார்கள். பின்தங்கியோர் 120 பேர், தாண்டியது 42 பேர், 35 சதவீதம். மற்றவர்கள் 480 பேர், தாண்டியது 360 பேர், 75 சதவீதம். மொத்தம் 600க்கு 402, அதாவது 67 சதவீதம்.

50க்கும் 67க்கும் நடுவில் யாரும் 67ஐத்தான் எடுப்பார்கள். ஆனால் பின்தங்கிய பிள்ளையை எடுத்துக்கொண்டாலும் சரி, வசதியான பிள்ளையை எடுத்துக்கொண்டாலும் சரி, சின்னப் பள்ளியில்தான் அதிகம் பேர் தாண்டியிருக்கிறார்கள். மொத்த எண் காட்டியது எந்தப் பள்ளியில் எந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் என்பதை மட்டும்தான். புள்ளியியலில் சிம்ப்சன் முரண் என்று இதைச் சொல்வார்கள்.

ஆகவே உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் வருமோ அந்தப் பிரிவை மூன்று வருஷம் சேர்த்து, இரண்டு பள்ளிகளிலும் ஒப்பிடுங்கள். ஏழாம் படியில் சொன்ன வர்க்கமூலக் கணக்கை மறக்க வேண்டாம். 30 பேர் உள்ள பிரிவு 18 புள்ளி வரை ஆடும், அதனால் 80க்கும் 75க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டாலே 17 புள்ளி பயம் போய்விடும்.

10. வளர்ச்சி எண்ணைத் தேடுங்கள்

ஆறாம் வகுப்புக்கு வரும்போது பிள்ளை எங்கே இருந்தது என்பதில் மிடில் ஸ்கூலுக்குப் பங்கு இல்லை. உள்ளே வந்த பிறகு எவ்வளவு நகர்ந்தது என்பதில்தான் பங்கு. பெரும்பாலான மாநிலங்கள் ஏதாவது ஒரு வளர்ச்சி அளவை வெளியிடுகின்றன. கொலராடோ போன்ற மாநிலங்களில், முந்தைய வருஷம் இதே மாதிரி மதிப்பெண் எடுத்த பிள்ளைகளோடு ஒப்பிட்டு 1 முதல் 99 வரை ஒரு எண் கொடுப்பார்கள். பள்ளியின் நடு எண் 50 என்றால் சராசரி வளர்ச்சி.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் குழு நாடு முழுவதும் உள்ள தேர்வுத் தரவைச் சேர்த்து ஆராய்ந்தபோது, சராசரி மதிப்பெண் குடும்ப வசதியோடு இறுக்கமாகச் சேர்ந்து போகிறது, வருஷா வருஷம் கற்கும் வேகம் அப்படிப் போவதில்லை என்று கண்டது. அவர்களுடைய எஜுகேஷனல் ஆப்பர்ச்சூனிட்டி ப்ராஜெக்ட் தளத்தில் டிஸ்ட்ரிக்ட் வாரியாக நீங்களே பார்க்கலாம்.

வளர்ச்சி எண் கிடைக்காவிட்டால் தாளில் சாய்கோடாகப் படியுங்கள். 2022இல் ஆறாம் வகுப்பு, 2023இல் ஏழு, 2024இல் எட்டு. ஒரே பிள்ளைகள் மேலே ஏறும் பாதை அது. எட்டாம் வகுப்பை மட்டும் மூன்று வருஷம் பார்ப்பது மூன்று வெவ்வேறு கூட்டத்தைப் பார்ப்பது. நடுவில் ஊர் மாறிப் போனவர்கள், வந்தவர்கள் உண்டு, எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராப் பிரிவும் உண்டு, அதனால் இது துல்லியமான அளவு இல்லை. இருந்தாலும் நேர்கோட்டைவிட எவ்வளவோ மேல்.

11. தேர்வில் வராத எண்கள்

மாணவர் ஆசிரியர் விகிதத்தை வகுப்பறை அளவாக நினைப்பது எல்லோரும் செய்யும் தவறு. 148 பிள்ளைகள், 13 ஆசிரியர்கள் என்றால் விகிதம் ஏறத்தாழ 11. கேட்கவே குளுமையாக இருக்கும். ஆனால் அந்த 13 பேரில் இசை, விளையாட்டு, சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் அடக்கம். 49 எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கணக்கு ஆசிரியர், இரண்டு பிரிவு என்றால் ஒரு வகுப்பில் 24, 25 பேர் இருப்பார்கள்.

சின்னப் பள்ளியில் இந்த 'ஒரே ஒரு ஆசிரியர்' விஷயம் மிகப் பெரியது. அவர் நல்லவராக இருந்தால் மூன்று வருஷமும் பிள்ளைக்குக் கொண்டாட்டம். அவர் போய்விட்டால் பள்ளியின் கணக்கு எண் முழுவதும் வேறு ஆகிவிடும். மூன்று வருஷச் சராசரிகூட அப்போது பழைய ஆசிரியரைப் பற்றித்தான் பேசும்.

தொடர் வருகையின்மை எண்ணையும் பாருங்கள். பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராத பிள்ளைகளை இதில் எண்ணுவார்கள். 180 நாள் பள்ளி என்றால் 18 நாள். இந்த எண் மூன்று வருஷமாக உயர்ந்தே இருந்தால் பள்ளியிலோ ஊரிலோ ஏதோ பிள்ளைகளைத் தடுக்கிறது. கோடை விடுமுறையோடு பள்ளி நாட்களிலும் மூன்று வாரம் சேர்த்து இந்தியா போய் வரும் நம் வீட்டுப் பிள்ளைகளும், இன்னும் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தாலே இந்தக் கணக்கில் சிக்குவார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

12. கடைசியாகப் பள்ளிக்குப் போன் செய்யுங்கள்

தாள் நிரம்பிய பிறகுதான் போன். முன்னாலேயே பேசினால் "எங்கள் பள்ளி நல்ல பள்ளி" என்ற பதிலோடு வருவீர்கள். தாளோடு பேசினால் கேள்வி கூர்மையாக இருக்கும்.

நான் கேட்கச் சொல்பவை இவை. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 இருக்கிறதா, ஆறாம் வகுப்பிலேயே அதற்குப் பிள்ளைகளைப் பிரித்துவிடுவீர்களா, வருஷ நடுவில் வந்து சேரும் பிள்ளை அதில் சேர முடியுமா? கணக்கு, ஆங்கில ஆசிரியர்கள் எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார்கள்? ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் தினமும் இருக்கிறாரா, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வேறு பள்ளியிலிருந்து வருகிறாரா? சின்னப் பள்ளிகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். உங்கள் பிள்ளைக்கு அந்த உதவி தேவை என்றால் மற்ற எல்லா எண்களையும்விட இந்தப் பதில் முக்கியம்.

எண்ணில் ஏதாவது ஒரு வருஷம் விநோதமாக விழுந்திருந்தால் அதையும் மரியாதையாகக் கேளுங்கள். "2023இல் ஏழாம் வகுப்பு ஆங்கிலத்தில் எழுதியவர்கள் குறைவாக இருக்கிறார்களே, என்ன நடந்தது?" என்று கேட்டால், சின்னப் பள்ளித் தலைமையாசிரியருக்குப் பெரும்பாலும் பதில் தெரிந்திருக்கும். அவருக்கு அது ஒரு சதவீதம் இல்லை, பெயர் தெரிந்த பிள்ளைகள். பிள்ளைகளின் பெயரைச் சொல்லாமல், நடந்ததை அவர் விளக்கும் விதத்தைக் கவனித்துக் கேளுங்கள். கேட்டதைத் தாளின் அடியில் தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த வருஷ ரிப்போர்ட் கார்டு வரும்போது அதே தாளைத் திறந்து ஒரு நெடுவரிசை சேர்த்தால் போதும்.